திராட்சைச் சாறு என்று சொன்னேன்

காஜா பெராங், மலாக்கா
24-4-1957

அன்புள்ள அத்தானுக்கு,

கோகிலா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மாமாவும் நானும் நலம். மாமாவின் இருமல் குறைந்திருக்கிறது. அடிலெய்டில் இனிக் குளிர் தொடங்கிவிடும் என்கிறீர்கள்; கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். ஊரெல்லாம் சுதந்திரப் பேச்சுதான். ஆகஸ்டுக்குள் வாத்தியார் பயிற்சியை முடித்துக்கொண்டு வந்துவிடுவாரா என்று பார்ப்பவர்கள் எல்லாம் கேட்கிறார்கள்.

உங்கள் கடிதம் போன சனிக்கிழமை வந்தது. புக்கிட் ரம்பாய் தோட்டத்து அப்பாசாமி அண்ணனும் அஞ்சலை அக்காவும் மாமாவைப் பார்க்க வந்திருந்தார்கள். நீங்கள் ஆரம்பித்த மதுவிலக்குச் சங்கத்து ஆட்களும் கூடத்தில் இருந்தார்கள். "வாத்தியாரு என்ன எழுதியிருக்காரு, படிங்கம்மா, நாங்களும் கேக்குறோம்" என்றார் அப்பாசாமி அண்ணன். எப்போதும் செய்வதுதானே என்று, தனியாகப் பார்க்காமல் உரக்கப் படிக்கத் தொடங்கிவிட்டேன்.

நீங்கள் அழகாக எழுதுகிறீர்கள், அத்தான். பேராசிரியர் குடும்பத்தோடு காரில் போனது, குன்றுச் சரிவு முழுக்கத் திராட்சைக் கொடிகள், காற்றில் பழ வாசம். எல்லோரும் வாய் திறந்து கேட்டார்கள். பிறகு அந்தக் கல் கட்டடம், ஆள் உயர மரப் பீப்பாய்கள். அந்தப் பண்ணையை நடத்தும் ஜெர்மன்காரர் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றித் தந்த ஒயினை முகர்ந்து, நாக்கில் வைத்தீர்களாம். "மற்றவர்கள் சுவை பார்த்துத் துப்பினார்கள், எனக்குத் துப்ப மனம் வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நிறுத்தினால் எல்லோருக்கும் தெரிந்துவிடுமே என்று படித்துக்கொண்டே போனேன். அடுத்த பண்ணை, மரத்தடியில் மேசை போட்டு ஆட்டிறைச்சியும் ரொட்டியும், மறுபடி ஒயின். மூன்றாவது பண்ணையில் கறுப்பாய், தேன் மாதிரி இன்னொன்று. "இப்படியொரு பகலை நான் அனுபவித்ததே இல்லை." காது இரண்டும் எனக்கு எரிந்தன.

சங்கத்துப் பொன்னுதுரை, "ஒயின்னா என்னங்கம்மா?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை. "திராட்சைச் சாறு" என்று சொல்லிவிட்டேன். மாமா எழுந்து உள்ளே போய்விட்டார். அப்பாசாமி அண்ணன்தான், "பழச்சாறு ஒடம்புக்கு நல்லதுதானே, குளுரு ஊரு வேற. மேல படிங்கம்மா" என்றார்.

என் பொய்க்கு முட்டுக் கொடுத்தவர் யார் என்று நினைத்துப் பாருங்கள். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில், கொல்லைப்பக்கம் கள்ளுப் பானையைப் பார்த்துவிட்டு, பரிமாறிய இலையை விட்டு எழுந்தீர்களே. "குடிகாரன் வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்று சம்பந்தி வீட்டார் காதுபடச் சொன்னீர்களே. பந்தியே உங்கள் பின்னால் எழுந்தது. நானும்தான் எழுந்தேன். அன்றைக்கு விட்டவர், இன்றுவரை கள்ளைத் தொடவில்லை.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் பஸ் ஏறிப் புக்கிட் ரம்பாய் போனேன். தோட்டத்து லயத்தில் அவர்கள் வீட்டு வாசலில் நின்றபடியே, "அண்ணே, நான் சொன்னது பொய். அது மதுதான்" என்றேன். "பேரக் கேட்டதுமே தெரியும்மா. உள்ள வாங்க" என்றார். கோபித்துக்கொண்டிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய் உட்கார்ந்ததும், "அவரு குடிச்சது பெருசில்லம்மா. அத எழுதறப்ப எங்க நெனப்பு கொஞ்சங்கூட வரலியான்னுதான்..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். அஞ்சலை அக்கா என் முகத்தைப் பார்க்காமலே தட்டில் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

இளையவள் மல்லிகாவுக்கு ஆனி மாதம் கல்யாணம். நம் வீட்டுக்குப் பத்திரிகை கொண்டுவர அவர்கள் தயங்கியிருக்கிறார்கள். நானே கேட்டு வாங்கி வந்தேன். மாமாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சமாதானம் எழுத வேண்டாம், அத்தான். தூர தேசத்தில் ஒரு நாள் நீங்கள் சந்தோஷமாக இருந்தது எனக்குப் பாரமில்லை. அப்பாசாமி அண்ணனுக்கு மட்டும் உங்கள் கைப்பட நாலு வரி எழுதுங்கள். வாத்தியாராக எழுதாதீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அது அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மாரியம்மனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அம்மன் துணை இருப்பாள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
கோகிலா