ஐந்தாவது திரி

13, வியாழன்

காலையிலிருந்து மழை. எங்கள் ஆயர் ஈத்தாம் மார்க்கெட் பக்கம் தண்ணீர். துணி காயவில்லை.

பழைய மேனேஜரிடமிருந்து மெசேஜ். ஃபேக்டரி ஆபீஸில் என் இடம் திரும்பக் காலியாம். செவ்வாய்க்குள் பதில் வேண்டும். அப்பா கண்ணாடி போட்டு இரண்டு தரம் படித்தார்.

"பிள்ளை, சம்பளம் இல்லாட்டி அது வேலையில்லை. பொழுதுபோக்கு."

ஆயுசு முழுக்க அரசாங்கக் கிளார்க். அவருக்கு அப்படித்தான் தெரியும். கோபம் வந்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம். வேலையை விட்டதிலிருந்து கல்யாணம், காதுகுத்து, பிறந்தநாள் என்று நான் மைக் பிடித்ததெல்லாம் இலவசம். கிடைத்தது: பொன்னாடை, பிரியாணி, "நல்லா பேசுறம்மா." பொன்னாடை மட்டும் ஒரு அலமாரி.

ஆனாலும் அறிவிப்பாளர் வேலைதான் என் தொழில். காசு கொடுத்து ஒருவர் கூப்பிட்டால் போதும், மேனேஜருக்கு இல்லை என்று எழுதிவிடுவேன்.

14, வெள்ளி

லிட்டில் இந்தியா, சரோ அக்கா கடை. மணவறை அலங்காரம் செய்பவர். பாதிக் கல்யாண வீடுகள் அவர் கைக்குள். நாளை பாலம் தாண்டி தாசேக் கெலுகோரில் ஒரு கல்யாண விருந்து.

"இதையும் ஃப்ரீயா பண்ணிடு தர்ஷினி. டத்தோ பட்டம் வாங்குனவரு வர்றாரு. பெரிய ஆளுங்க பாத்துட்டா அப்புறம் உன்ன பிடிக்க முடியாதுலா."

போன தடவையும் இதே வசனம். ஒப்புக்கொண்டேன். கடைசி ஃப்ரீ. இங்கே எழுதி வைக்கிறேன்.

பச்சைச் சேலை ப்ளவுஸ் இறுக்கம். பிரித்துத் தைக்க. தொண்டைக்குத் தேன்.

16, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

குத்துவிளக்கு ஏற்ற ஐந்து பேர். இரு வீட்டு அப்பா அம்மா நாலு பேர், ஐந்தாவது டத்தோ. பெண்ணின் அப்பா ஏற்பாடு. "தாய்மாமா?" என்று கேட்டேன்.

"அவரு நம்ம ஆளுதானே, ஒண்ணும் நினைக்க மாட்டாரு."

நினைத்தார். பெண்ணின் அம்மா நாலாவது திரியை ஏற்றும்போது முன் மேசையில் நாற்காலி நகரும் சத்தம். மாமா எழுந்து பெண்டாட்டியையும் கிளம்பச் சொல்கிறார். மேடையில் அந்த அம்மா மெழுகுவர்த்தியோடு தம்பி பக்கம் திரும்புகிறார். தம்பி இப்படிப் போனால் அவருக்கு இனி பிறந்த வீடு ஏது? யாரைப் போய்க் கேட்பது? மைக் என் கையில்.

"ஐந்தாம் திரியை ஏற்ற மணமகளின் தாய்மாமாவை அன்போடு அழைக்கிறோம். அடுத்து, டத்தோ அவர்கள் மணமக்களை வாழ்த்திப் பேசுவார்."

மாமா நின்றார். வாசலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார். வந்தார். அக்காவும் தம்பியும் ஒரே மெழுகுவர்த்தியைப் பிடித்தார்கள். டத்தோ சிரித்துக்கொண்டே கை தட்டினார், அவருக்கு ஒன்றுமில்லை. பெண்ணின் அப்பாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது.

மேடைக்குப் பின்னால் சரோ அக்கா: "ஃப்ரீயா வந்தவளுக்கு இவ்வளவு திமிரா? இனி நான் அலங்காரம் பண்ற கல்யாணத்துல உனக்கு மைக் கிடையாது!"

சாப்பிடாமல் கிளம்பினேன். பாலத்தில் நெரிசல். காடியின் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நன்றாக அழுதேன். பசி வேறு.

17, திங்கள்

நல்ல வெயில். துணி காய்ந்தது.

சரோ அக்கா மெசேஜ். கோபம் ஆறிவிட்டதாம். அடுத்த மாதம் ஒரு வளைகாப்பு. "அத செஞ்சு குடு, நடந்தத மறந்துடுறேன்." ஃப்ரீதான்.

முடியாது அக்கா, என் ரேட் இது, என்று அனுப்பினேன். நீல டிக் மட்டும். போகட்டும்.

மாமா விஷயம் மனதிலேயே ஓடுகிறது. மறுபடி அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன். அதற்குப் பெயர் திமிர் இல்லை, வேலை.

18, செவ்வாய்

காலையிலேயே மேனேஜருக்கு எழுதிவிட்டேன். வரவில்லை, நன்றி. கையில் ஒரு புக்கிங்கும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். மத்தியானம் அவர்தான் சமையல். எனக்கு மட்டும் பெரிய மீன் துண்டு. என்ன அர்த்தமோ.

சாயங்காலம் தெரியாத நம்பர். பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா.

"சனிக்கிழமை டின்னர்ல மைக் பிடிச்சது நீங்கதானே? நான் பின் மேசையில இருந்தேன், எல்லாத்தையும் பாத்தேன். என் மகளுக்குக் கல்யாணம்மா. எங்க வீட்டுல மூணு மாமா, மூணு பேரும் பேசிக்கிறதில்ல. உங்கள மாதிரி ஆளுதான் வேணும். எவ்வளவு எடுப்பீங்க?"

சொன்னேன். சரோ அக்காவுக்கு அனுப்பிய அதே ரேட். அந்தப் பக்கம் கால்குலேட்டர் தட்டும் சத்தம். குறைத்துச் சொல்ல வாய் வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"ரசீது குடுப்பீங்கதானே? எங்க வீட்டுக்காரரு கேப்பாரு."

"குடுப்பேன்க்கா."

என்னிடம் ரசீதுப் புத்தகமே இல்லை, வாங்கணும். புத்தகக் கடையை மூடிவிடுவான். ஓடணும்.