பதினோராவது வாய்ச் சோறு

சோற்றுக் கிண்ணத்திலும் பந்தாடிவிட்டுப் போன என் அன்பு அப்பாவுக்கு,

யாழினி இப்போதுதான் தூங்கினாள். சாரல் காற்று வீசுகிறது. பிள்ளைக்கு மூக்கு ஒழுகிவிடுமோ என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நலம் விசாரிக்கும் பொறுமை எனக்கில்லை, நேராகச் சண்டைக்கு வருகிறேன். பக்கத்தில் நாலு பேர் இதைப் படித்தாலும் படிக்கட்டும்.

மோட்டார் சுவிட்சை எப்படிப் போட வேண்டும், பால்காரரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும், மழைக்கு முன்னால் மாடியில் எந்தக் குழாயை அடைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லித் தந்தீர்கள். பேத்திக்கு எப்படிச் சோறு ஊட்டினீர்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டீர்களே, அது என்ன நியாயம்?

அம்மா போனபிறகு எங்களோடு வந்து இருந்தீர்கள். நான் கல்லூரியில் பாடம் நடத்தப் போய்விடுவேன். மத்தியானச் சோறு உங்கள் பொறுப்பு. சாயந்திரம் வந்து பார்த்தால் கிண்ணம் கழுவிக் கவிழ்த்திருக்கும். "எப்படிப்பா சாப்பிட்டா?" என்று கேட்டால், "அது எங்க டீமு ரகசியம்" என்பீர்கள். சாப்பிட்டாளே, அது போதும் என்று நானும் இருந்துவிட்டேன்.

நீங்கள் போன காரியங்கள் எல்லாம் முடிந்து, லீவு போட்டுக்கொண்டு, முதல் நாள் நானே பருப்புச் சோற்றைப் பிசைந்து உருட்டிக் கொண்டுபோனேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு உங்கள் பேத்தி சொல்கிறாள், "கோலி அந்தோணிக்குன்னு சொல்லு."

தூக்கிவாரிப் போட்டது. கோலி அந்தோணியை எனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க விட்டீர்களா? பாளையங்கோட்டையே மஞ்சச் சட்டை என்று கூப்பிட்ட நம் கால்பந்துக் கிளப், போன இடத்திலெல்லாம் கோப்பையைத் தூக்கி வந்த அந்த ஒரு வருடம், அந்த வருடத்து டீம். நீங்கள் ஒருநாளும் பந்தைத் தொட்டவர் இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் கூட்டாளிகளோடு நின்று தொண்டை கட்டக் கத்தியவர், அவ்வளவுதான். ஆனால் மற்ற வீட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன வயதில் நான் கேட்டது அந்தப் பெயர்களை. திருச்செந்தூர் பஸ்ஸில் அந்தப் பெயர்கள். கரண்டு போனால் அந்தப் பெயர்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றுகூட, பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கும்போது, பெரிய சுடலை தலையால் முட்டிய கோலைச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

சரி, தெரிந்ததுதானே என்று ஆரம்பித்தேன். கோலி அந்தோணிக்கு ஒரு வாய். பெரிய சுடலைக்கு ஒரு வாய். சின்ன சுடலைக்கு, ஜாபருக்கு என்று ஆளுக்கு ஒரு வாய். கிளி மாதிரி வாங்கிக்கொண்டாள். பத்து பேர் முடிந்தார்கள். பதினோராவது உருண்டையை எடுத்தேன். "இப்ப ரைட் அவுட்டு" என்றாள். வலது ஓரத்தில் ஓடுகிறவர்.

ரைட் அவுட் யார்? எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் காதில் விழுந்த பெயர்களை எண்ணிப் பார்த்தால் பத்துதான் இருக்கிறது. நீங்கள் பத்துப் பெயர்தான் சொல்லியிருக்கிறீர்கள். காதைப் பொத்திக்கொண்டு கேட்டவளுக்கு அது எங்கே தெரியப் போகிறது?

வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி உருண்டையை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அது பாப்பாக்கு இல்ல" என்றாள். எல்லாப் பிள்ளையும் வேண்டாம் என்பதற்கு இப்படி ஏதாவது சொல்லும் என்று விட்டுவிட்டேன். அதோடு எழுந்து போய்விட்டாள். கிண்ணத்தில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. பிறகுதான் புரிந்தது, பதினோரு பேரும் சாப்பிட்டால்தான் விசில், விசில் அடித்தால்தான் செகண்ட் ஹாஃப், செகண்ட் ஹாஃபில்தான் மீதிச் சோறு. இப்படி ஒரு சட்டத்தை நாலு வயதுகூட ஆகாத பிள்ளைக்கு எதற்காகப்பா போட்டீர்கள்?

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும். காலையில் அரை இட்லி, ராத்திரி கொஞ்சம் பால், மத்தியானச் சோறுதான் அவளுக்குச் சாப்பாடே. அதில் பாதி போனால்? சட்டைக் கழுத்து தோளில் இறங்கி நிற்கிறது. குளிப்பாட்டும்போது முதுகெலும்பு கையில் தட்டுகிறது. டாக்டரம்மா எடை பார்த்துவிட்டு, "பயப்படாதீங்க, பசிச்சா சாப்பிடுவா" என்கிறார். பசிக்கும்வரை கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்பது யார், அவரா? உங்கள் மருமகன் ஓசூரிலிருந்து, "போனைக் காட்டி ஊட்டேன்" என்று போனில் சொல்கிறார். காட்டினேன். போனையும் பார்த்தாள், வாயையும் மூடிக்கொண்டாள்.

உங்கள் கூட்டாளிகளைக் கேட்டுவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். நீங்கள் இல்லாவிட்டாலும் மூன்று பேரும் வாராவாரம் வந்துவிடுகிறார்கள். மேலப்பாளையத்திலிருந்து காதர் மாமா, கரண்டு ஆபீஸ் சங்கரபாண்டி மாமா, பலசரக்குக் கடை செல்லையா அண்ணாச்சி. உங்கள் நாற்காலியை மட்டும் விட்டுவிட்டு உட்கார்ந்து, காபி குடித்து, அதே மேட்சைத் திரும்ப ஆடிவிட்டுப் போகிறார்கள்.

"மாமா, அந்த டீமுல ரைட் அவுட்டு யாரு?" என்று கேட்டேன்.

மூன்று பேரும் காபியைப் பார்த்தார்கள். காதர் மாமாதான் முதலில், "நம்ம ஜாபர்லா ஆடுனான்" என்றார்.

"ஜாபருக்கு ஏற்கெனவே ஊட்டியாச்சு மாமா."

"ஜாபர் கோலிக்கு முன்னால பேக்கு ஆடுனவம்லா வே. மறதி வந்துட்டு உமக்கு" என்றார் சங்கரபாண்டி மாமா.

"அப்ப நீரு சொல்லும்."

"ராமையா."

"ராமையா அந்த வருசம் காலு ஒடிஞ்சு கெடந்தான். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போயி நாமதான பாத்தோம். சொல்லுதாரு பாரு."

செல்லையா அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பத்துப் பேரே போதும்னு ஆடுன டீமு தாயி அது" என்று முடித்து வைத்தார்.

எந்த மேட்சில் எப்போது தூறல் விழுந்தது, யார் பூட்ஸில் கயிறு அறுந்தது என்று சொல்லத் தெரிந்த மூன்று பேருக்கு ஓர் ஆளின் பெயர் தெரியவில்லையாம். இருந்தாலும் அவர்கள் சொன்னதை வைத்து மறுநாள் ராமையாவுக்கு என்று ஊட்டிப் பார்த்தேன். "ராமையா யாரு?" என்று கேட்டுவிட்டு உங்கள் பேத்தி எழுந்து போனாள். கால் ஒடிந்த மனிதருக்கு அந்தச் சோறும் கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை எனக்குத் தாங்கவில்லை. காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. பத்து வாய் முடிந்தது. பதினோராவது உருண்டை என் கையில். "அது பாப்பாக்கு இல்ல." பாப்பாவுக்கு இல்லையென்றால் போ என்று, வந்த ஆத்திரத்தில் அதை என் வாயில் போட்டுக்கொண்டேன்.

உடனே இரண்டு விரலை வாயில் வைத்து எச்சில் தெறிக்க ஊதினாள். விசிலாம். ஊதிவிட்டு ஆவென்று வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள்.

மனசு மாறிவிடுவாளோ என்ற பயத்தில் கோலி அந்தோணியிலிருந்து மடமடவென்று ஊட்டினேன். கிண்ணம் காலியானபிறகுதான் கேட்டேன்.

"ஏட்டி, அந்த வாய் யாருக்கு?"

"செல்வினுக்கு. அவுகதான் வரலைல்லா, அதனால தாத்தா திம்பாங்க."

"தின்னுட்டு?"

"ஒறைக்குன்னு சொல்வாங்க. கண்ணத் தொடைப்பாங்க. பெறவு விசில்."

பருப்புச் சோற்றில் என்னப்பா உறைப்பு?

அப்போது எனக்கு வந்தது அழுகை இல்லை, எரிச்சல்தான். அவள் முதல் நாளே சொன்னாள், அது பாப்பாவுக்கு இல்லை என்று. நான்தான் பிடிவாதம் என்று நினைத்துத் திரும்பத் திரும்பத் திணித்தேன். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனை நாள் அந்தப் பிள்ளை பாதி வயிற்றோடு படுத்திருக்குமா?

மத்தியானச் சோறு அதோடு சரியாகிவிட்டது. ஆனாலும் எனக்கு ஆறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காபியைக் கொடுத்துவிட்டு, "மாமா, செல்வின் யாரு?" என்றேன்.

சங்கரபாண்டி மாமா எழுந்து செருப்பைத் தேடினார். செல்லையா அண்ணாச்சி, "ஒனக்கு யாரு சொன்னா?" என்றார்.

"யாழினி."

"அவளுக்கு?"

"உங்க கூட்டாளிதான். தினமும் மத்தியானம் சொல்லிருக்காங்க."

செருப்பு தேடிய சங்கரபாண்டி மாமா திரும்பி வந்தார். "பாத்தீரா வே, நம்மள சத்தியம் பண்ண வச்சிட்டு இவரு மட்டும் வீட்டுக்குள்ள முறிச்சிருக்காரு" என்றார். ஆளில்லாத உங்கள் நாற்காலியைப் பார்த்துத்தான் சொன்னார்.

அப்புறம் மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். சாத்தான்குளத்துப் பனங்காட்டிலிருந்து அவரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்ததே நீங்கள்தானாம். நம் பழைய வீட்டு மச்சில்தான் படுத்திருந்தாராம், நம் வீட்டுச் சோறுதான் சாப்பிட்டாராம். கோல் போட்டால் நேராகக் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் உங்களிடம்தான் ஓடி வருவாராம். மறு வருடம் வடக்கே ஒரு மில் டீம் வேலை தருகிறோம் என்றதும், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாராம். அந்த மில் டீம் நம் மைதானத்துக்கே ஆட வந்தபோது, நீங்கள் நின்ற கம்பத்திலேயே கோல் போட்டாராம்.

"போட்டதக்கூட பொறுத்துக்கலாம் புள்ள" என்றார் காதர் மாமா. "போட்டுட்டு, பழக்கதோசத்துல, ரெண்டு கையையும் தூக்கிட்டு எங்களப் பாத்து ஓடி வந்தான். சிரிச்சுட்டே. பாதி தூரம் வந்த பெறவுதான் அவனுக்கே ஒறைச்சுது, வேற சட்டை போட்டுருக்கோம்னு."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"திரும்பி நின்னோம். உங்கப்பாதான் மொதல்ல திரும்புனாரு. இனி இவம் பேரு நம்ம வாயில வரக்கூடாதுன்னாரு."

அதற்குப் பிறகு இத்தனை வருடமும் வரவில்லை. அதனால்தான் ஜாபர், அதனால்தான் ராமையா. பெயர் தெரியாமல் இல்லை, அதை வாயில் எடுக்கக் கூடாது. உலகத்தில் எந்த ஊர் ரசிகர்களாவது தங்களுடைய மிகச்சிறந்த டீமைப் பத்துப் பேராகச் சொல்லிக்கொண்டு ஆயுசைக் கழிப்பார்களா? வேலை கிடைத்தால் ஒரு மனிதன் போகத்தானே செய்வான்? நீங்கள் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டா கம்பத்துக்குப் பின்னால் நின்றீர்கள்?

காதர் மாமா டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டுப் பையச் சொன்னார், "ஒங்கப்பா போன அன்னைக்கு வந்திருந்தான் புள்ள. எதுத்தாப்புல இஸ்திரி வண்டிப் பக்கத்துல நின்னான். உள்ள வரல. நாங்க பாத்தோம்."

"பாத்து?"

"திரும்பிக்கிட்டோம். சத்தியம்லா."

அப்பா, இவர்கள் மூன்று பேருக்கும் பேரன் பேத்தி இருக்கிறது. முட்டுக்கு மாத்திரை போடுகிறார்கள். சாவு வீட்டு வாசலில் நின்ற மனிதரைப் பார்த்து ஒரு வாய்த் தண்ணீர் குடியும் என்று சொல்ல இவர்களுக்கு உங்கள் உத்தரவு தேவைப்பட்டிருக்கிறது. அந்த உத்தரவைப் போட்டவர் மத்தியானம் தவறாமல் அவர் பெயரைச் சொல்லி, அவர் பங்குச் சோற்றைத் தானே தின்றுவிட்டு, உறைக்கிறது என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பதிலாக ஒரு போன் போட்டிருக்கலாமே. காதர் மாமா போனில் அவர் நம்பர் இருந்தது, தெரியுமா உங்களுக்கு? "சும்மா கெடக்கட்டும்னு வச்சிருந்தேன்" என்கிறார். மற்ற இரண்டு பேரும் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அவர்கள் எதிரிலேயே கூப்பிட்டேன். நான் யார் மகள் என்று சொன்னேன். "ஒங்கப்பா எம் பேர எப்பயாச்சும் சொன்னாகளா தாயி?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

"தினமும் சொன்னாங்க. சாப்பிடும்போது" என்றேன்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரவேண்டும் என்று சொன்னேன். வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. "அந்த வீட்டுச் சொதி" என்று மட்டும் சொன்னார்.

சங்கரபாண்டி மாமா, "எனக்கு இதுல சம்மதம் இல்ல, நான் வரமாட்டேன்" என்று கேட்வரைக்கும் போய்விட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பி, "சொதியா வைக்கப் போற?" என்றார்.

"ஆமா மாமா."

"இஞ்சித் துவையல் உண்டுமா?"

உண்டு என்று சொல்லியிருக்கிறேன். சொதிக்குப் பால் பிழியத் தேங்காய்க்கும் சொல்லியாயிற்று. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது, ஊரெல்லாம் நாற்று நடுகிற பேச்சு. எனக்கு மட்டும் அந்த மனிதர் வருவாரா, வந்தால் இவர்கள் மூன்று பேரும் முகத்தைத் திருப்பாமல் இருப்பார்களா, அந்தக் களேபரத்தில் பிள்ளை சாப்பிடுவாளா என்கிற கவலை. யாழினி இன்று முழுக்க விசிலுக்கு விரலை நனைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஒன்று உறுதியாகச் சொல்கிறேன் அப்பா. ஞாயிற்றுக்கிழமை பதினோராவது உருண்டையை உரியவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் வராவிட்டால், அன்றைக்கும் அதற்குப் பிறகு வருகிற எல்லா மத்தியானமும், பெயரைச் சத்தமாகச் சொல்லி நானே சாப்பிடுவேன். கண் கலங்கினால் கலங்கட்டும். உறைக்கிறது என்று மட்டும் பிள்ளையிடம் பொய் சொல்ல மாட்டேன். என்னவென்று அவள் கேட்டால், தாத்தா நினைப்பு என்று சொல்வேன்.

உங்கள் மேல் இன்னும் கோபம் தீராத,
உங்கள் மகள்,
யாழினியின் அம்மா,
காந்திமதி