நண்பகலில் தொடங்கும் நாள்

என் மகளின் அப்பாவுக்கு வணக்கம்.

நானும் மகளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள், எதற்கும் ஆதாரம் கேட்கிறவர் ஆயிற்றே. கம்பளியைப் போர்த்திக்கொண்டு தூங்குங்கள். சிறைக்குள் வானம் தெரியப் போவதில்லை, அங்கேயாவது ராத்திரியில் கண்ணை மூடலாம். சலவைக்காரர் இதைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவருவார். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னதற்காக உங்களைப் பிடித்துக்கொண்டு போன அதே திருச்சபை எழுத்தர் போன மாதம் வீட்டுக்கு வந்தார். மாடி அறைக்கு அவர் வைத்த முத்திரையை அவரே உடைத்தார். சூரிய கிரகணத்துக்கு நீங்கள் கணக்குப் போட்டு வைத்த தாள் வேண்டுமாம். உங்கள் பேச்சு பாவம், கணக்கு மட்டும் புனிதம் போலிருக்கிறது. எடுத்துக் கொடுத்தேன். தேதியை மட்டும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்.

உங்களுக்கு நாள் நண்பகலில்தான் தொடங்கும் என்பது அவருக்கு எங்கே தெரியும்? நடுராத்திரியில் தேதி மாறினால் ஒரே ராத்திரி பார்த்தது இரண்டு தேதிக்குப் போய்விடும் என்று வானம் பார்க்கிறவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு. காலையில் நடப்பதற்கெல்லாம் உங்கள் தாளில் முந்தின நாள் தேதிதான் இருக்கும். அந்தக் குழப்பத்தோடுதான் நான் குடும்பம் நடத்தினேன். மகள் சொல்ல வாயெடுத்தாள். நான் கண்ணாலேயே அடக்கினேன். சபை ஊர் முன்னால் அவமானப்படட்டும், அப்புறம் உங்களைத் தேடி வருவார்கள் என்று நினைத்தேன். எனக்குக் கணக்கு வராது என்று நீங்கள் சொல்வது சரிதான்.

அறிவித்த நாளில் சதுக்கம் நிறைய ஜனம். சூரியன் தன் பாட்டுக்குக் காய்ந்தது. தலைமைக் குரு கொஞ்சமும் அசரவில்லை. நம் பிரார்த்தனைக்கு இரங்கி ஆபத்து விலகியது என்றார். ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். மறுநாள் காலை, கடை திறக்கிற நேரத்தில், நீங்கள் எழுதியபடியே இருட்டியது. சிறையில் இருந்துகொண்டு நீங்கள்தான் சூரியனை மறைத்தீர்களாம். உங்கள் தொலைநோக்கியில் நிலாவைப் பார்த்து வாயைப் பிளந்த ரொட்டிக் கடைக்காரர்தான் நம் ஜன்னலில் முதல் கல்லை எறிந்தார்.

மகள் தெருவில் இறங்கிவிட்டாள். "எங்க அப்பா எழுதினது சரிதான், உங்க எழுத்தருக்குத்தான் படிக்கத் தெரியல" என்று கத்தினாள். கூட்டம் அவள் பக்கம் நகர்ந்தது. எல்லார் முன்னாலும் அவளை அறைந்தேன். "அவ சொல்றது பொய், புத்தி கலங்கிப்போச்சு" என்று சொல்லி உள்ளே இழுத்து வந்தேன். உயிர் தப்பியது. உண்மை பேசியதற்காக உங்களை அடித்தவர்களை நான் சபிக்காத நாள் இல்லை. இப்போது அந்த வரிசையில் நானும் நிற்கிறேன். அவள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் வாங்கிக்கொள்கிறாள்.

நேற்று எழுத்தர் மறுபடியும் வந்தார். பூமி அசையாது என்றும், சூரியனை மறைத்ததற்காக வருந்துகிறேன் என்றும் நீங்கள் கையெழுத்துப் போட்டால் விட்டுவிடுவார்களாம். இல்லாவிட்டால் இது இனி வாய்க் குற்றமில்லை, சூனியக் குற்றம். சூனியக்காரர்களைச் சபை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போட்டுவிடுங்கள். உண்மைக்கு யார் தயவும் வேண்டாம் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அப்படியானால் அது உங்கள் தயவு இல்லாமலும் பிழைத்துக்கொள்ளும். எங்களுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

கையெழுத்துப் போட்டால் மகள் உங்களை மன்னிக்க மாட்டாள். என்னையும்தான் மன்னிக்கவில்லை. வந்து என் பக்கத்தில் உட்காருங்கள், இரண்டு பேருமாக அவளிடம் ஏச்சு வாங்குவோம்.

இப்படிக்கு,
மனைவியாகவே இருக்க விரும்புகிறவள்