மூத்தவரின் பிறப்புப் பத்திரம்

மேற்கணக்கு லயம்,
நிவித்திகல.
19.08.2006

அன்பு நிறைந்த அண்ணாவுக்கு,

தங்கை கோகிலா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் நடந்தது எல்லாவற்றையும் உண்மையாக எழுதப் போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக ஒரு வரியையும் மாற்ற மாட்டேன். இதற்கு முன் போட்ட இரண்டு கடிதங்களில் மழையைப் பற்றியும் ஆடு குட்டி போட்டதைப் பற்றியும் எழுதினேன் அல்லவா? அவை பொய்யில்லை. ஆனால் எழுத வேண்டியதை எழுதாமல் தப்பிப்பதற்காக எழுதியவை.

முதலில் வீட்டுச் செய்தி. மழையால் ரப்பர் பால்வெட்டு வாரத்தில் மூன்று நாள்தான் நடக்கிறது. அம்மாவுக்கு வலது தோள் வலி. தைலம் பூசி விடுகிறேன். கொழும்பில் பொலிஸ் சோதனை அதிகம் என்று ரேடியோவில் கேட்டதிலிருந்து, "அவன்கிட்ட என்ன கடதாசி இருக்கு? மறிச்சுக் கேட்டா என்னத்தக் காட்டுவான்?" என்று அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்கிறார். பள்ளிக்கூடத்தில் தந்த கடிதம் இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

ஜப்பானில் நடந்த போட்டி முடிந்துவிட்டது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களின் அந்தச் சர்வதேச பேஸ்பால் போட்டியைப் பற்றிப் பேப்பரில் நாலு வரிதான் வந்தது. நம் அணி ஐந்து ஆட்டம் ஆடி ஒன்றில் வென்றதாம். உங்கள் பயிற்சியாளர் பந்துல சேரை டவுனில் கண்டேன். உங்கள் இடத்தில் பந்தெறியப் போன பையனுக்குக் கூட்டத்தைக் கண்டதும் பந்து எங்கெங்கோ போய்விட்டதாம். "தங்கச்சி, உங்க அண்ணன் மட்டும் இருந்திருந்தா..." என்று தொடங்கி, நிறுத்திவிட்டு, எனக்குப் பேக்கரியில் ஒரு பணிஸ் வாங்கித் தந்தார். அதைத் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஏன் என்று இனி எழுதுகிறேன்.

மே மாதம் நீங்கள் கொழும்பில் பயிற்சி முகாமில் இருந்தபோது, உங்கள் வயதைச் சரிபார்க்கப் பேஸ்பால் சங்கத்திலிருந்து ஒரு ஐயா தோட்டத்து ஒபிசுக்கு வந்தார். அம்மாவை மலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். அம்மாவுக்குக் கடைச் சிங்களம் தெரியும். ஒபிஸ் சிங்களம் என்றால் பயம். அதனால் மொழிபெயர்க்க என்னையும் வரச் சொன்னார்கள். சிங்களத்தில் வகுப்பிலேயே நான்தான் முதலாவது என்று உங்களுக்குத் தெரியும். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது, அண்ணா. விசேஷத்துக்கு வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஐயா உங்கள் படத்தையும் பிறப்புப் பத்திரத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இந்த உயரத்துக்கும் இந்தத் தோளுக்கும் பதினாறு வயதுகூட ஆகவில்லை என்றால் யார் நம்புவார்கள், தோட்டத்தில் வயதைக் குறைத்துத்தான் பதிவார்களாமே என்று கேட்டார். நான் அதை அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "அட பாவி மனுசா, கூட்டித்தான்டி வச்சிருக்கு, எங்க கொறச்சோம்?" என்றார். பிறகு உடனே, "நீ ஒண்ணுஞ் சொல்லாத. பத்திரத்துல இருக்கிறதுதான் சரின்னு சொல்லு" என்றார்.

அதை மட்டும் நான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் உங்களை வயதை மறைத்த கள்ளன் என்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. உண்மை நம் பக்கம் இருக்கும்போது ஏன் ஒளிக்க வேண்டும் என்று நினைத்தேன். உங்களுக்குப் பதினைந்துகூட முடியவில்லை, இந்தப் பத்திரம் ஏழு மாதத்தில் இறந்துபோன மூத்த அண்ணாவுடையது, நீங்கள் அதற்கடுத்த வருஷம்தான் பிறந்தீர்கள் என்று ஒரு பிழையில்லாமல் நல்ல சிங்களத்தில் சொன்னேன். ஒபிசில் கணக்கு எழுதும் நாகலிங்கம் கிளாக்கர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நான் காலை இழுத்துக்கொண்டு மிச்சத்தையும் சொல்லி முடித்தேன்.

வயது பார்க்க வந்த ஐயா கெட்ட மனிதர் இல்லை. பேனாவை மூடிவிட்டு, அப்படியென்றால் இந்தப் பையனுக்குப் பத்திரமே இல்லையா மகள் என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இன்னொருவரின் பத்திரத்தில் பாஸ்போர்ட் எடுக்க முடியாது. புதிதாகப் பதிய மாதக்கணக்காகும். இரண்டு தேதியில் எது என்றாலும் உங்களுக்கு வயது சரியாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் போயிருப்பீர்கள்.

நம் லயத்து வீடுகளில் இதை யாரும் தப்பாக நினைத்ததில்லை. கலவானயிலிருந்து இங்கே மாறி வந்த வாரத்தில் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் லயத்துக் காம்பராவிலேயே பிறந்தீர்கள். பதிவதற்கு யாரும் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் பத்திரம் கேட்டபோது டிரங்குப் பெட்டியில் இருந்தது மூத்தவருடையதுதான். அதையே கொடுத்தார்கள். கந்தையா மாமா வீட்டு இரண்டாவது பையனும் அப்படித்தான் படிக்கிறான்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னை ஏசவில்லை. பால்வாளியை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டே நடந்தார்.

முகாமிலிருந்து திருப்பி அனுப்பிய அன்று நீங்கள் பையோடு வாசலில் நின்று யார் சொன்னது என்று கேட்டீர்கள். பதிவுப் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நான் சொன்னேன். அது பச்சைப் பொய். நீங்கள் அம்மாவிடம் திரும்பி, "செத்தவனோட கடதாசியில என்னைய எதுக்குச் சேத்தீங்க? எனக்குன்னு ஒண்ணு எடுக்க முடியலையா ஒங்களால?" என்று கத்தினீர்கள். அம்மா என்னை ஒரே ஒரு தடவை பார்த்தார். பிறகு உங்களிடம், "ஆமாப்பா, எம் புத்திக் கொறதான்" என்றார். நான் சுவரோரமாகப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன புத்தகம் என்றுகூட இப்போது நினைவில்லை.

நாலாம் நாள் முக்தார் நானாவின் லொறியில் ஏறிப் கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டீர்கள். பீலியடியில் தண்ணீர் பிடிக்கும்போது, "ஜப்பானுக்குப் போறேன்னான், மூட்ட தூக்கல்ல போயிருக்கான்" என்று பேசுகிறார்கள். அம்மா குடத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிடுகிறார். உண்மை என்னவென்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

உங்கள் கடிதங்களில் அம்மா என்ற சொல்லே இல்லை. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் வாசித்துக் காட்டும்போது கடைசியில் "அம்மாவைக் கேட்டதாகச் சொல்லவும்" என்று நானாகவே சேர்த்துவிடுகிறேன். போன தடவை அம்மா கடதாசியை வாங்கி, "அது எந்த எடத்துல இருக்கு, காட்டு" என்றார். நான் உங்கள் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அன்றைக்குத்தான் இந்தக் கடிதத்தை எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன். அதன் பிறகும் பதினொரு நாள் எழுதாமல் இருந்தேன்.

நேற்று பந்துல சேரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லிப் பழகிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைசி வரை கேட்டார். பிறகு விரல் விட்டு எண்ணி, உங்கள் சொந்தத் தேதியில் பத்திரம் கிடைத்தால் அடுத்த வருஷப் போட்டிக்கும் வயது இருக்கிறது, மூத்தவரின் தேதியில் என்றால் இருந்திருக்காது என்றார். இதைச் சொல்லி என் பிழையைச் சிறிதாக்கப் பார்க்கவில்லை, அண்ணா. ஒரு வருஷம் போனது போனதுதான். மூட்டை தூக்குவதில் பந்தெறியும் கையும் கெட்டுப்போகும் என்று அவர் கவலைப்பட்டார்.

நாகலிங்கம் கிளாக்கர் பதிவுக்கான படிவம் எடுத்துத் தந்திருக்கிறார். அம்மா சத்தியக்கடதாசியில் கைநாட்டு வைத்துவிட்டார். மற்றக் கட்டங்களை நான் நிரப்பினேன். பெயர் என்ற கட்டத்தை மட்டும் தொடவில்லை. நிரோஷன் என்பது மூத்தவருடைய பெயர். அம்மா உங்களை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை, ராசு என்றுதான் கூப்பிடுவார். எதை எழுதுவது என்று அம்மாவிடம் கேட்டேன். "அவன் பேர அவனே வந்து சொல்லட்டும்" என்றார்.

அண்ணா, என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. என்னோடு பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் சரி. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் உரக்க வாசித்துக் காட்டுவேன்.

நீங்கள் நல்ல சுகத்தோடு இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்ளும்,
தங்கை,
கோகிலா.

பின்குறிப்பு: மாலை வகுப்பு முடிந்தும் போகாமல் பிள்ளைக்காம்பராவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மருதாயி அக்கா இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "பரீட்சைக்கா புள்ள இவ்ளோ எழுதுற?" என்று கேட்டார். இல்லை, அண்ணாவுக்கு என்றேன். அப்படியென்றால் எழுது என்று கதவடியில் காத்திருந்தார். இப்போது அவருக்கும் நேரமாகிவிட்டது. விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார்.