நம் கூடத்துக்குச் சாப்பாட்டுக்கடை வரி

ஏரவாடா, பூனா
12.10.2003

என் மருமகன் சிரஞ்சீவி சேஷுவுக்கு ஜம்பு மாமா பல்லைக் கடித்துக்கொண்டே செய்யும் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் தர்மாம்பாள் அத்தையும் உடம்புக்குச் சௌக்கியம், எனக்கு மட்டும் ரத்தம் கொதிக்கிற கொதிப்பில் ஏரவாடா முழுவதற்கும் சுக்குக்காப்பி போடலாம். உன் ஊரில் குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போ. போன வாரம் போனில் நீ, எவ்வளவு மாமா அந்த வரி, நான் டாலர் அனுப்பறேன், கட்டித் தொலைச்சிட்டு நிம்மதியா இருங்க என்றாய். உன் மனசு தங்கம், ஆனால் உனக்கு நான் பாதிக் கதைதான் சொல்லியிருந்தேன், மீதியைக் கேட்டுவிட்டு அந்தப் பணத்தை உன் பையிலேயே வைத்துக்கொள்.

புரட்டாசி சனிக்கிழமை நம் வீட்டில் எப்படி என்று உனக்குத் தெரியும், இந்தக் கூடத்தில் இலை போட்டு இலை எடுத்து வளர்ந்தவன் நீ. பெருமாளுக்குப் படைத்ததும் நம் அடுக்குமாடிச் சொஸைட்டியில் யார் வந்தாலும் பந்தி. போன வருஷம் சரியாகப் பந்தி நேரத்தில் வரி போட வீடு அளக்க என்று கார்ப்பரேஷன் வார்டு ஆபீஸிலிருந்து ஒருவர் டேப்போடு வந்தார். சாப்பாட்டு வேளையில் வந்தவரை உன் அத்தை நிற்க வைப்பாளா, டேப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு உட்கார வைத்தாள். அவர் தின்ற வடையை அடுக்கினால் நான் வேலை பார்த்த தேஹு ரோடு வெடிகுண்டு டிப்போவின் கொடிக்கம்பத்தைத் தாண்டும். ஏப்பத்துக்கு நடுவே, அம்மா, வாராவாரம் இப்படித்தானா என்று இந்தியில் கேட்டார். இவள் பெருமை தாங்காமல், இந்த மாசம் பூரா சனிக்கிழமைதோறும் உண்டு, யார் வேணும்னாலும் வரலாம், நீயும் வா தம்பி என்றாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுதினார். கோடையில் பில் வந்தது. நம் கூடம் கானாவளாம்! காசு வாங்கிக்கொண்டு சோறு போடுகிற கடையாம்! எல்லார் வீட்டுக்கும் ஏற்றிய வரி போதாதென்று நமக்குக் கடை வரி, மூன்று மடங்கு. கட்டாவிட்டால் கதவுக்குச் சீல். முப்பது வருஷம் வெடிகுண்டுகளுக்கு நடுவே வேலை பார்த்தபோது வெடிக்காத நான் அந்தக் காகிதத்தைப் பார்த்து வெடித்தேன்.

இந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது என்று கேள். நம் நாற்சந்திச் சௌக்கில் பாட்டுக்கு ஆடுகிற கலர் நீரூற்று வைத்திருக்கிறார்கள். குபேரனே வந்து பார்த்தால் தன் வீட்டில் இப்படி ஒன்று இல்லையே என்று அழுவான். நம் குழாயில் காற்றுதான் வருகிறது, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். டாங்கர் லாரி நம் வாசலைத் தாண்டிப் போய் அந்த நீரூற்றுக்குத் தண்ணீர் ஊற்றுகிறது, நாங்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்க்கிறோம். சொஸைட்டிக் கூட்டத்தில் நான் முழங்கிய முழக்கத்தில் மேல்மாடிப் புறாக்கள் மும்பைக்குக் குடிபோயின. இஸ்மாயில் பாய் எழுந்து, ஜம்பு அண்ணே, அப்ப ரம்ஜான்ல என் பால்கனியில நோன்பு திறக்க வர்றவங்களுக்கு நான் ஹோட்டல் முதலாளியா, எனக்கும் பில் அனுப்பச் சொல்லுங்க என்றார். எதிர்வீட்டு மராட்டி மாமி ஷிண்டே காக்கு, கணபதிக்கு நான் கொடுக்கிற மோதகத்துக்கு லைசென்ஸ் எங்கே எடுக்கணும் என்று கேட்டாள். எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனுக் கொடுத்தோம், வருகிற புதன்கிழமை வார்டு ஆபீஸில் விசாரணை.

ஆனால் என் வயிற்றெரிச்சல் வரியால் மட்டும் இல்லை. இந்தப் புரட்டாசியில் உன் அத்தை பந்தி போடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பெருமாளுக்கு ஒரு கிண்ணத்தில் புளியோதரை. நான் சோறு விக்கிறவள்னு எழுதிட்டாங்களே என்பதுதான் அவள் வாயில் ஒரே பேச்சு. மூன்று சனிக்கிழமை வீடு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. நேற்றுக் கடைசிச் சனிக்கிழமை. உச்சி வேளையில் கதவு தட்டுகிறது, அதே மகானுபாவர், கடை நடக்கிறதா என்று சோதனை போட. பின்னாலேயே இஸ்மாயில் பாயும் ஷிண்டே காக்குவும், நான் அவரை மாடியிலிருந்து தூக்கிப் போட்டுவிடுவேனோ என்ற பயத்தில் ஓடி வந்தார்கள். அவர் வெறும் கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னைக்கு ஒண்ணும் இல்லையா என்று கேட்டார் பார், அதில் அதிகாரமே இல்லை, பசிதான் இருந்தது. உன் அத்தை உள்ளே போய் இலையை எடுத்து வந்தாள். அடியே, நம்ம தலையில நாமளே மண்ணைப் போட்டுக்கணுமா என்று நான் அலறினேன். சாப்பாட்டு வேளைக்கு வந்தவரைப் பட்டினியா அனுப்பச் சொல்றீங்களா, எழுதறதை அவர் எழுதிக்கட்டும் என்று பெருமாள் கிண்ணத்தையே அவர் இலையில் கவிழ்த்தாள்.

தின்று முடித்து எழுந்தவர், வெட்கத்திலோ சூழ்ச்சியிலோ, ஐம்பது ரூபாய் நோட்டு ஒன்றை இலை ஓரத்தில் வைத்தார். கல்யாணமான நாள் முதல் நான் பார்க்காத கோபம் சேஷு அது. என்னுடையதெல்லாம் வெறும் ஓசை. அந்த நோட்டை எடுத்து அவர் சட்டைப்பையில் திணித்து, என் வீட்டு இலைக்கு விலை வைக்க நீ யாரு என்று தமிழிலேயே கேட்டாள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடத் தெரியாது, ஆனால் எல்லாம் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். என்ன எழுதுவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் காசு வாங்க மறுத்ததைப் பார்த்த சாட்சி இரண்டு பேர் இருக்கிறார்கள், புதன்கிழமை நான் பேசப்போவதில்லை, உன் அத்தை பேசப்போகிறாள்.

ஆகையால் டாலர் அனுப்பாதே. கட்டினால் நாமே கடைக்காரர் என்று ஒப்புக்கொண்டதாகும், அத்தை உன் பையிலும் அதே வேகத்தில் திணிப்பாள். அடுத்த புரட்டாசிக்கு லீவு சொல்லி வை, இலை போட ஆள் வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளி, நன்றாக இரு, தீர்க்காயுசாக இரு.

புதன்கிழமைக்குச் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்,
உன் மாமா
ஜம்பு