யோகநாதனுக்கு ஒரு பயிற்சி

அனுப்புநர்:
க. முத்துக்குமாரு,
ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்,
தாமான் செரி புலாசான், கிள்ளான்.

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்,
கிள்ளான்.

பொருள்: ஊழியர் பயிற்சி என்ற பெயரில் என் மனைவியின் கால்விரலைப் பறித்த நிலையப் பொறுப்பாளருக்குத் தக்க பயிற்சி அளிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மலாயில் எழுதினால் எனக்குக் கோபம் பாதிதான் வரும். ஆகவே தமிழில் எழுதுகிறேன். தங்கள் ஆபீசில் தமிழ் தெரிந்தவர் உரக்க வாசித்துக் காட்டட்டும். சன்னல்கள் உடைந்தால் நான் பொறுப்பல்ல.

2. எங்கள் தாமான் குடியிருப்பின் சுகாதார நிலையப் பொறுப்பாளர் திரு. யோகநாதன், பெட்டாலிங் ஜெயாவில் ஒரு நிர்வாகக் கருத்தரங்குக்குப் போனார். போனவர் மனிதர், திரும்பியவர் சக்கரவர்த்தி. ஊழியர் அனைவரும் அனைத்து வேலையும் பழக வேண்டும் என்று ஆணை பிறந்தது. புண்ணுக்குக் கட்டுப்போடும் நாகையா பதிவு முகப்புக்குப் போனார். பதிவேடு எழுதும் கிராணி பாலன் கட்டுத்துணியை எடுத்தார். சொல்லிக்கொடுக்கப் பக்கத்தில் ஒருவரும் இல்லை.

3. என் மனைவி மீனலோசனிக்கு இனிப்பு நீர் வியாதி. இடக்கால் சுண்டுவிரலில் புண். அந்தக் காலில் உணர்ச்சியும் குறைவு. பாலன் கோப்பு கட்டிப் பழகிய கையால் விரலைக் கட்டினார். அந்த இறுக்கத்தில் கட்டினால் பினாங்குப் பாலம் தூணில்லாமலே நிற்கும். நான் தடுத்தேன். “அங்கிள், இது டீம்வொர்க்லா, கொஞ்சம் ஒத்துழைங்க” என்றார் சக்கரவர்த்தி. என் மனைவியோ, “பழகுற பிள்ளை, சும்மா இருங்க” என்று என்னையே அடக்கினாள்.

4. கட்டைப் பிரித்தபோது விரல் கறுத்திருந்தது. பெரிய மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். இப்போது செருப்புப் போடும்போது அவள் என்னை வேறு பக்கம் பார்க்கச் சொல்கிறாள்.

5. பாலன் வந்து அழுதுவிட்டுப் போனார். அவர்மீது புகார் இல்லை. யோகநாதன் எட்டிப்பார்க்கவில்லை. நான் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது டிக்கெட் கொடுப்பவரை இஞ்சின் ஓட்டிப் பழகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கிள்ளான் ரயில் இந்நேரம் சுமத்ராவில் கரையேறியிருக்கும்.

6. அனைவரும் பழக வேண்டும் என்றவர் மட்டும் எதையும் பழகவில்லை. ஆகவே அவர் தினமும் காலையில் என் வீட்டுக்கு வந்து, நாகையா பக்கத்தில் நின்று சொல்லித்தர, தரையில் உட்கார்ந்து என் மனைவியின் காலுக்குக் கட்டுப்போடப் பழகும்படி உத்தரவிட வேண்டுகிறேன். அவளுக்கு இரக்க சுபாவம். முதல் நாளே பாஸ் போட்டுவிடுவாள். ஆதலால் தேர்வாளர் நானே. அவர் எந்த வருடம் தேறுவார் என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

ஆறாத கோபத்துடனும் குறையாத மரியாதையுடனும்,

(கையொப்பம்)
க. முத்துக்குமாரு

இடம்: கிள்ளான்
நாள்: 14.9.1987