ஏழாவது கோட்டிங்

நாள் 203, 09:10

போபோஸ் நிலையம், செவ்வாயின் துணைக்கோள். பொறியாளர் தமயந்தி. ஆள் ஒருத்திதான். காற்று, தண்ணீர், மின்சாரம் எல்லாம் பச்சை. இதைப் படிப்பவருக்கு அலுப்பாக இருக்கும். எனக்கும் அப்படித்தான்.

அதனால்தான் வயலின். ஆறு மாதமாகச் செதுக்கி ஒட்டியது நேற்று முடிந்தது. இனி வார்னிஷ். எங்கள் குடும்பத்துக்கே ஃபர்னிச்சர் பாலிஷ்தான் தொழில். ஸ்பிரிட், தின்னர் வாடையில் வளர்ந்தவள் நான். மூடிய நிலையத்தில் அதற்கெல்லாம் தடை. தண்ணீரில் கலந்த வார்னிஷுக்குத்தான் அனுமதி. பார்த்தால் பால் மாதிரி இருக்கிறது. இதெல்லாம் ஒரு வார்னிஷா!

நாள் 204, 14:30

முதல் கோட்டிங் சொதப்பல். தண்ணீர் பட்டதும் மரத்தின் நார் எழும்பிவிட்டது. இங்கே ஈர்ப்பு விசை பேருக்குத்தான் என்பதால், ஸ்பிரே கன்னிலிருந்து தெறிக்கும் துளி கீழே விழுவதில்லை. மிதந்து திரும்பி வந்து ஈரப் பூச்சின்மேலேயே உட்காருகிறது. முழுக்கப் பொரிப்பொரியாக, பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கோபத்தில் உப்புத்தாளைச் சுவரில் வீசினேன், சனியன், அதுவும் திரும்பி வந்தது.

நாள் 205, 11:00

வழி கண்டுபிடித்துவிட்டேன். காற்றைச் சுத்திகரிக்கும் அறையில் பெரிய உறிஞ்சு வாய் ஒன்று உண்டு. அதன் பின்னால்தான் கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் சவ்வுகள். வயலினை அந்த வாய்க்கு நேராகத் தொங்கவிட்டு அடித்தேன். மிஞ்சிய துளியெல்லாம் உள்ளே போய்விட்டது. கோட்டிங் கண்ணாடி! வடிகட்டித் துணி அடைத்துக்கொண்டு இழுவையைக் குறைத்தது, கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். முடித்ததும் மோந்து பார்த்தேன், ஒரு வாடையும் இல்லை. வாடை இல்லையென்றால் காற்று சுத்தம். பாலிஷ்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் கணக்கு.

செவ்வாய்த் தரைத்தளத்தில் ரேடியோ பார்க்கும் பெனிட்டா தூத்துக்குடிக்காரி. கேட்டதும் கிண்டல்: "எக்கா, பெயிண்ட் அடிக்கதுக்கா உங்கள அங்க அனுப்புனாங்க? சீக்கிரம் முடிச்சிட்டு ஒரு பாட்டு வாசிங்க, கேப்போம்."

நாள் 209, 10:20

ஐந்தாவது கோட்டிங். மெல்லிசாக அடித்து, காயவிட்டு, தேய்த்து, மறுபடி. கை பழகிவிட்டது. கெட்டிப்படுத்தும் கலவையும் சேர்க்கிறேன். காய்ந்த பிறகு தண்ணீரில் கரையாது. இரண்டு நாளாகத் தலைவலி. மீட்டரில் கரியமில வாயு 0.3 சதவீதம், எப்போதும் போல.

நாள் 211, 08:40

ஏழாவது கோட்டிங். தலை பிளக்கிறது. கலவையை இரண்டு தடவை ஊற்றிவிட்டேன். மேலே எழுதியதை மூன்று முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன்.

மீட்டர் 0.3. ஆறு நாளாக அதே 0.3. நான் உடற்பயிற்சி செய்தால் ஏறும், தூங்கினால் இறங்கும். இப்போது ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

நாள் 211, 09:50

பக்கத்து அறைக்குப் போய் விண்ணுடையை மாட்டிப் பத்து நிமிடம் அதன் காற்றில் இருந்தேன். தலைவலி இறங்கியது. கழற்றிவிட்டு வந்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது.

உறிஞ்சு வாய்க்குள் டார்ச் அடித்தேன். சவ்வுகள் பளபளக்கின்றன. பக்கத்திலேயே மீட்டரின் முனை, அதுவும் பளபளக்கிறது. என் மூச்சுக்கே நான் ஏழு கோட்டிங் அடித்திருக்கிறேன். கரைக்கத் தின்னர் வேண்டும். அதற்குத்தான் தடையாயிற்றே.

பெனிட்டா: "எக்கா, இங்க எல்லாம் பச்சையாத்தான காட்டுது. சிவப்பு வந்தாத்தான் மீட்பு ஓடத்த கிளப்ப விடுவாங்க. நீங்க சொல்லுததை மட்டும் வச்சி நான் பெரியவர்கிட்ட என்னன்னு கேக்க?"

ஓடம் வந்துசேர ஆறு மணி நேரம். உடையில் இருப்பது எட்டு மணி நேரக் காற்று. போதும், தாராளமாகப் போதும். மீட்டர் உண்மையைச் சொன்னால் பிழைத்துக்கொள்வேன். மிக நைசான உப்புத்தாளும் இரண்டு சொட்டுத் தண்ணீரும் வேண்டும். பூச்சு போக வேண்டும், முனை போகக் கூடாது. விண்ணுடையின் தடித்த கையுறையோடு அது முடியாது, வெறுங்கைதான். இந்த வேலை எனக்குத் தெரியும்.

நாள் 211, 11:05

தேய்த்தேன். 0.3. 0.3. 1.9. பிறகு ஒரே தாவலாக 6.4. சிவப்பு! சைரன்!

"எம்மாடி, ஆறு புள்ளி நாலா! ஓடம் கிளம்பிட்டு எக்கா! போங்க, சூட்ட மாட்டுங்க!"

சத்தம் போட்டுச் சிரித்தேன். திரும்பினேன். கதவு மூடியிருந்தது.

சிவப்பு வந்தால் காற்றைச் சுத்திகரிக்கும் இந்த அறையின் கதவு தானாக மூடிக்கொள்ளும். தீயும் புகையும் பரவாமல் இருக்க அந்த ஏற்பாடு. வெளியே இருந்து கையால்தான் திறக்க முடியும். இந்த விதியை மூன்று குழுக்களுக்குப் பாடம் எடுத்தவள் நான். மறந்துவிட்டேன். கதவின் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பக்கத்து அறையில் விண்ணுடை தெரிகிறது, நாலு எட்டு வைத்தால் தொட்டுவிடலாம்.

நாள் 211, 12:30

7.9. சவ்வைத் தேய்த்துப் பார்த்தேன். வெங்காயத் தோல் போலக் கிழிந்தது. கதவை ஸ்பேனரால் அடித்தேன். மூச்சுதான் வீணானது.

"எக்கா, கதவு இங்கருந்து கேக்க மாட்டேங்கு. எனக்கும் அந்த நேரத்துல தோணல எக்கா. எனக்குத் தோணியிருக்கணும்லா." அழுகிறாள். போடி பைத்தியக்காரி, நீ என்ன செய்வாய், தேய்த்தது நான் என்றேன். நாக்கு குழறியது. அவளுக்குப் புரிந்ததோ இல்லையோ.

நாள் 211, 13:50

9.2 ஓடத்துக்கு இன்னும் மூன்று மணி. அசையாமல் இருந்தால் மூச்சு குறைவாகச் செலவாகும் அதனால் அசையவில்லை

வருகிறவர்களுக்கு. கதவைத் திறந்தாலும் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். வாடை வராது. மற்ற அறைகளின் மீட்டர்களையும் நம்ப

பயமாக இருக்கிறது. சாகப் பிடிக்கவில்லை எனக்கு

பெனிட்டா தூங்காதீங்க எக்கா தூங்காதீங்க என்று பேசிக்கொண்டே இருக்கிறாள். அவள் குரல் இருக்கும்வரை நான்

நாள் 211, 14

பெனிட்டா ஏன் பேச்சை நிறுத்திவிட்டாய். பேசு

ரேடியோ, தானியங்கிப் பதிவு, 14:21

"நான் நிறுத்தலக்கா. பேசிட்டேதான் இருக்கேன். கேக்குதா? எக்கா?"